புதுக்கோட்டை ராஜாவும் மெல்போர்ன் மோலியும்

வெளிநாட்டில் நடக்கும் காதல் நாவல்களை விடாமல் படிப்பவர்களுக்கு அதன் சூத்திரம் நன்றாகத் தெரியும். கதாநாயகன் பெரிய பணக்காரன், முடிந்தால் ஒரு இளவரசன். கதாநாயகி அவன் ஊரையே பார்த்திராதவள். கப்பலிலோ, விமானத்திலோ, பெரிய ஹோட்டலிலோ சந்திப்பு. பிறகு எதிர்ப்பு, கண்ணீர், பிரிவு. கடைசி அத்தியாயத்தில் கல்யாணம். சுபம்! புத்தகத்தை மூடிவிட்டு வாடகை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இந்தச் சூத்திரத்துக்கு அப்படியே பொருந்தும் ஒரு கதை 1915ஆம் ஆண்டில் நிஜமாகவே நடந்தது. நடந்த இடம் ஆஸ்திரேலியா. கதாநாயகன் நம் புதுக்கோட்டைக்காரர், அதுவும் புதுக்கோட்டையின் ராஜா! ஒரே ஒரு வித்தியாசம்தான். நாவல் முடியும் இடத்தில், அதாவது கல்யாணத்தில், இந்தக் கதை ஆரம்பிக்கிறது.

"காதலுக்காக ராஜ்ஜியத்தை இழந்த ராஜா" என்று ஒரு வரியில் இதைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரிக்குள் அடங்காத சில பேர் இந்தக் கதையில் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்துப் பார்ப்போம்.

யார் இந்த ராஜா?

பெயர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான். 1875 நவம்பரில் பிறந்தவர். புதுக்கோட்டை சுமார் 1,180 சதுர மைல் பரப்பும் நாலு லட்சம் அளவுக்கு மக்களும் கொண்ட சமஸ்தானம். சுற்றிலும் பிரிட்டிஷ் மாவட்டங்கள். நடுவில் தனியாக ஒரு ராஜா, தனியாக ஒரு நாணயம். ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம் பொறித்த அந்த "அம்மன் காசு" இன்றும் சில வீடுகளில் பத்திரமாக இருக்கிறது. திருக்கோகர்ணத்தில் இருக்கும் பிரகதாம்பாள்தான் நாட்டுக்கு உரியவள், ராஜா அவளுடைய தாசன் என்பது தொண்டைமான் வம்சத்தின் நம்பிக்கை.

மார்த்தாண்டர் ராஜாவுக்கு மகனாகப் பிறந்தவர் அல்ல. அவருக்கு முன்பு ஆண்ட ராமச்சந்திர தொண்டைமான் தன் மகள் வயிற்றுப் பேரனையே சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அந்தப் பேரன்தான் மார்த்தாண்டர். இந்த விவரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1886இல் தாத்தா இறந்தபோது பையனுக்குப் பத்து வயது. அவர் பெரியவராகும் வரை நாட்டைக் கவனித்துக்கொண்டவர் புகழ்பெற்ற திவான் சேஷய்யா சாஸ்திரி. பையனுக்கு ஆங்கிலேய ஆசிரியர், ஆங்கிலப் படிப்பு, ஆங்கில விளையாட்டுகள். 1894இல் முழு அதிகாரம் கைக்கு வந்தது. அதன் பிறகு ஐரோப்பியப் பயணங்கள் ஆரம்பித்தன. போனவர் சீக்கிரம் திரும்பவும் மாட்டார். ராஜாவின் ஊதாரித்தனமும் வெளிநாட்டு மோகமும் 1915க்கு வெகு நாள் முன்பே வெள்ளைக்கார அதிகாரிகளின் புகார்ப் பட்டியலில் இருந்தவை.

அவரை வெறும் உல்லாசப் பேர்வழி என்று தள்ளிவிடவும் முடியாது. 1902இல் மக்கள் பிரதிநிதிகள் சபை ஒன்று புதுக்கோட்டையில் ஏற்பட்டது இவர் காலத்தில்தான். தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்த ஒரு பெண் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர விரும்பியபோது, பையன்கள் படிக்கும் இடத்தில் பெண்ணா என்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு இடம் கொடுத்தவர் இந்த ராஜா. அந்தப் பெண் 1912இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காமல் ராஜா எடுத்த முடிவு ஒரு பெண்ணின் வாழ்க்கையை மாற்றியது. அதே மாதிரி இன்னொரு முடிவு அவருடைய சொந்த வாழ்க்கையைத் தலைகீழாகப் புரட்டியது.

1915 ஆகஸ்ட் 10

1915இல் ராஜா ஆஸ்திரேலியா போனார். உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் துருக்கியின் கலிபோலியில் செத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு விஷயமும் உண்டு. "வெள்ளை ஆஸ்திரேலியா" என்ற கொள்கை அப்போது அந்த நாட்டின் சட்டம். 1901இல் வந்த குடியேற்றச் சட்டத்தின்படி, பிடிக்காத நிறத்தில் ஒருவர் வந்து இறங்கினால் ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் சொல்வதை எழுதச் சொல்லித் தேர்வு வைப்பார்கள், தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புதுக்கோட்டையிலிருந்து ஒரு சாதாரண ஆள் வேலை தேடிப் போயிருந்தால் அதே துறைமுகத்தில் கதவு மூடியிருக்கும். ராஜாவுக்குத் திறந்தது.

அங்கே அவர் சந்தித்த பெண் எஸ்மி மேரி சாரெட் ஃபிங்க். எல்லோரும் கூப்பிடுவது மோலி. மெல்போர்னில் 1894இல் பிறந்தவர், வக்கீல் ஒருவரின் மகள். அவருடைய பெரியப்பா-சித்தப்பா வரிசையில் ஒருவரான தியோடர் ஃபிங்க் மெல்போர்னில் பெரிய பத்திரிகை நிறுவனம் ஒன்றின் தலைவர். மோலியின் அழகும் உடையும் பேசப்பட்ட காலம் அது. ராஜாவுக்கு 39 வயது, மோலிக்கு 20.

1915 ஆகஸ்ட் 10ஆம் தேதி மெல்போர்னில் பதிவுத் திருமணம் நடந்தது. நாவலாக இருந்தால் இங்கே "முற்றும்" போட்டிருப்பார்கள்.

வில்லன் யார்?

காதல் நாவலில் வில்லன் யாராவது ஒரு ஆளாக இருப்பான். கோபக்கார அப்பா, பொறாமை பிடித்த அத்தை மகன், இப்படி. இங்கே வில்லனாக வந்தது ஒரு கோப்பு. சென்னை மாகாண அரசு, அதற்கு மேலே வைஸ்ராய், அதற்கும் மேலே லண்டனில் இந்திய அலுவலகம் என்று சுற்றி வந்த கோப்பு. அதன் சாரம் இதுதான்: கல்யாணம் சட்டப்படி நடந்திருக்கலாம், ஆனால் மோலியை புதுக்கோட்டையின் ராணியாக அரசு அங்கீகரிக்காது.

ஏன் அங்கீகரிக்கவில்லை?

இது முதல் கல்யாணமாக இருந்தால் அதிர்ச்சியில் அப்படிச் செய்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் பாட்டியாலா மகாராஜா 1893லேயே ஃபுளோரன்ஸ் பிரயன் என்ற வெள்ளைக்காரப் பெண்ணை மணந்திருந்தார். கபூர்தலா மகாராஜா 1908இல் ஸ்பெயின் நாட்டு நடனப் பெண் அனிதா டெல்காடோவை மணந்தார். இந்தக் கல்யாணங்களையும் அதிகாரிகள் விரும்பவில்லை. ஆனால் கபூர்தலாவில் மூத்த ராணிகளும் மகன்களும் இருந்தார்கள், வாரிசுப் பிரச்னை எழவில்லை. மார்த்தாண்டருக்கு வேறு மனைவி கிடையாது, குழந்தையும் கிடையாது. மோலிக்கு ஒரு மகன் பிறந்தால் அவன்தான் அடுத்த ராஜா. ஆஸ்திரேலிய அம்மாவுக்கும் தமிழ் அப்பாவுக்கும் பிறந்தவன் ஒரு சமஸ்தானத்தின் சிம்மாசனத்தில் உட்காருவதா? ஆள்பவன் வேறு இனம், ஆளப்படுபவன் வேறு இனம் என்ற சுவரின் மேல் கட்டப்பட்ட சாம்ராஜ்யம் அது. அந்தச் சுவரில் ஒரு கதவு திறப்பதை அவர்கள் விரும்பவில்லை.

தம்பதி புதுக்கோட்டைக்கு வந்தார்கள். ஆனால் மோலி இங்கே இருந்தது சில மாதங்கள்தான். வெள்ளைக்கார அதிகாரிகளின் வட்டாரம் அவரை ஒதுக்கியது. அரண்மனைக்குள்ளும் எல்லோருக்கும் சந்தோஷம் இல்லை. அவர் கர்ப்பமாக இருந்தபோது அரளி விஷம் வைக்க முயற்சி நடந்ததாக, இந்தத் தம்பதியின் வரலாற்றை 1991இல் "மோலி அண்ட் தி ராஜா" என்ற புத்தகமாக எழுதிய எட்வர்ட் டைக்கரும் கோரலி யங்கரும் சொல்கிறார்கள். 1916இல் இருவரும் மறுபடி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அந்த ஆண்டு ஜூலையில் சிட்னி நகரில் மகன் பிறந்தான். பிறந்த ஊரின் பெயரையே சேர்த்து மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயர் வைத்தார்கள்.

அதே காலத்தில் ஒரு நாவல்

அன்றைய இங்கிலாந்தில் மக்கள் என்ன படித்துக்கொண்டிருந்தார்கள் என்று பார்த்தால் விஷயம் இன்னும் சுவாரஸ்யமாகிறது. காதல் நாவல்களுக்கே பேர் போன மில்ஸ் அண்ட் பூன் நிறுவனம் லண்டனில் தொடங்கியது 1908இல். மோலியின் மகனுக்கு மூன்று வயது ஆனபோது, 1919இல், ஈ. எம். ஹல் என்ற ஆங்கிலேயப் பெண்மணி எழுதிய "தி ஷேக்" வெளியானது. அல்ஜீரியப் பாலைவனத்தில் நடக்கும் கதை. டயானா என்ற இங்கிலாந்துப் பெண்ணை அகமது பென் ஹசன் என்ற ஷேக் கடத்திக்கொண்டு போகிறான். பிறகு காதல். புத்தகம் எக்கச்சக்கமாக விற்றது. 1921இல் வாலன்டினோ நடித்து ஊமைப்படமாக வந்தபோது தியேட்டர்கள் நிரம்பி வழிந்தன.

வெள்ளைக்காரப் பெண்ணும் கீழ்த்திசை ராஜகுமாரனும் காதலிப்பதை இத்தனை பேர் ரசித்தார்களா? அப்படியானால் மோலிக்கு மட்டும் ஏன் அந்தக் கதி?

பதில் நாவலின் முடிவில் இருக்கிறது. ஷேக் உண்மையில் அரேபியனே இல்லை! அவன் அப்பா ஒரு இங்கிலாந்துப் பிரபு, அம்மா ஸ்பெயின்காரி. பாலைவனத்தில் வளர்ந்தவன், அவ்வளவுதான். அந்த ரகசியம் வெளியானதும் வாசகர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். முன்னூறு பக்கத்துக்கு வேறு இனத்தவன் என்ற கிளுகிளுப்பு, கடைசிப் பக்கங்களில் "நம்ம ஆள்தான்" என்ற ஆறுதல். வெளிநாடும் அந்நிய ஆளும் அந்த நாவலில் ஒரு திரைச்சீலைதான். வேலை முடிந்ததும் சுருட்டி வைத்துவிடலாம்.

மார்த்தாண்ட பைரவருக்கு அப்படி எந்த ரகசியமும் கிடையாது. எத்தனை அத்தியாயம் புரட்டினாலும் அவர் புதுக்கோட்டைத் தொண்டைமான்தான்.

காதல் நாவலைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு காலத்தின் மக்கள் எதை ஆசைப்பட்டார்கள், எந்தக் கோட்டுக்கு அப்பால் போகப் பயந்தார்கள் என்பதை அந்தக் காலத்துக் கோப்பு சொல்வதைவிட அந்தக் காலத்துக் காதல் நாவல் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. "தி ஷேக்" நாவலைப் படித்துக் கண்ணீர் விட்ட அதே சமூகம்தான் மோலியை ராணி என்று கூப்பிட மறுத்தது.

கான் நகரம்

போர் முடிந்த பிறகு ராஜா தம்பதி ஐரோப்பாவுக்குக் குடிபெயர்ந்து, தெற்கு பிரான்சில் கடலோரம் இருக்கும் கான் நகரில் தங்கினார்கள். விருந்துகள், நகைகள், உடைகள், பிரபலமான நண்பர்கள் என்று வாழ்க்கை போனது. ஊருக்குத் திரும்பி ஆள வேண்டும் என்றால் மனைவியையும் மகனையும் அந்தஸ்து இல்லாதவர்களாக வைத்துக்கொள்ள வேண்டும். ராஜா அதற்குத் தயாராக இல்லை. பணம் பெற்றுக்கொண்டு ஆட்சியிலிருந்து ஒதுங்க ஒப்புக்கொண்டார். 1922 முதல் அவருடைய சகோதரர் ரகுநாத பல்லவராயர் ரீஜண்டாக இருந்து சமஸ்தானத்தை நடத்தினார்.

இதைப் படிக்கும்போது பலருக்கு எட்டாம் எட்வர்டு ஞாபகம் வரும். விவாகரத்தான அமெரிக்கப் பெண் வாலிஸ் சிம்ப்சனுக்காக 1936 டிசம்பரில் இங்கிலாந்தின் முடியைத் துறந்தவர். உலகமே அதைப் பேசியது, இன்னும் பேசுகிறது. புதுக்கோட்டையில் அது 14 வருடம் முன்பே நடந்து முடிந்துவிட்டது! (அந்த டிசம்பரில் திருமதி சிம்ப்சன் பத்திரிகைக்காரர்களிடமிருந்து தப்பி வந்து தங்கியிருந்ததும் இதே கான் நகரில்தான்.)

1928 மே 28ஆம் தேதி மார்த்தாண்ட பைரவர் பாரிசில் இறந்தார். 52 வயது. உடல் புதுக்கோட்டைக்கு வரவில்லை. லண்டனில் கோல்டர்ஸ் கிரீன் என்ற இடத்தில் தகனம் நடந்தது. பிரகதாம்பாளின் தாசனுக்கு அந்த அம்மன் இருக்கும் மண்ணில் ஒரு பிடி இடமும் கிடைக்கவில்லை.

மகனுக்கு என்ன கிடைத்தது?

ஆரம்பத்தில் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன விவரத்துக்கு இப்போது வருவோம். மார்த்தாண்டரே சுவீகாரப் பிள்ளைதான். சிம்மாசனத்தில் ஏற ராஜாவின் மகனாகப் பிறந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் புதுக்கோட்டையில் இல்லை, அதை பிரிட்டிஷ் அரசும் ஒப்புக்கொண்டிருந்தது. 1928இல் அடுத்த ராஜாவாக அரசு தேர்ந்தெடுத்தது தொண்டைமான் குடும்பத்தின் வேறொரு கிளையில் பிறந்த ராஜகோபால தொண்டைமானை. அவருக்கு அப்போது ஆறு வயது.

ஆக முன்னால் ஆண்டவரும் சுவீகாரம், பின்னால் வந்தவரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். நடுவில், ராஜாவுக்கே பிறந்த ஒரே மகன் சிட்னிக்கு மட்டும் உரிமை இல்லை. அப்பா இறந்தபோது அவனுக்கு 12 வயதுகூட ஆகவில்லை. அவன் செய்த தப்பு என்ன? மெல்போர்ன்காரி வயிற்றில் பிறந்தது. அவ்வளவுதான்.

மோலி மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1967இல் கான் நகரில் இறந்தார். மகன் சிட்னி 1984இல் இத்தாலியின் ஃபிளாரன்சில் இறந்தார். மூன்று பேரில் ஒருவர்கூடப் புதுக்கோட்டையில் கண்ணை மூடவில்லை.

ஊருக்கு என்ன கிடைத்தது?

காதல் கதையாக இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இது. 1916இல் ராஜா கப்பலேறினார். சிறுவன் ராஜகோபால தொண்டைமான் வளர்ந்து முழு அதிகாரம் பெற்றது 1944இல். இடையில் 28 வருடம் ஊரில் இருந்து ஆளும் ராஜா இல்லை. ஒரு தலைமுறையே ராஜாவைப் பார்க்காமல் வளர்ந்தது. ராஜாவின் செலவுக்கும் பிறகு அவருக்குக் கொடுத்த பணத்துக்கும் ஆதாரம் எது? குளத்துப் பாசனத்தையும் வானத்தையும் நம்பி விவசாயம் செய்த இந்த வறண்ட சீமையின் வரிப்பணம்தான். கான் நகரத்து விருந்துகளை ரசித்துப் படிக்கும்போது இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ரீஜண்ட் காலத்தில், 1924இல், ஒரு சட்டசபை ஏற்பட்டது நல்ல விஷயம். ஆனால் அதிகாரம் முழுதும் மக்களிடம் வரவில்லை. 1931இல் வரிகளுக்கு எதிராக நகரில் பெரிய கலவரம் வெடித்தது. 1934 முதல் அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் என்ற ஆங்கிலேய நிர்வாகி சமஸ்தானத்தை நடத்தினார். ஒரு வெள்ளைக்காரப் பெண் ராணியாக வரக்கூடாது என்று அத்தனை பிடிவாதம் பிடித்தவர்களுக்கு ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஆள்வதில் எந்தச் சங்கடமும் இருக்கவில்லை!

கடைசியில் 1948 மார்ச் 3ஆம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. திருச்சி மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமானது. மோலியின் மகனிடமிருந்து பறிக்கப்பட்ட சிம்மாசனம் 20 வருடத்துக்குள் யாருக்குமே இல்லாமல் போய்விட்டது.

எப்படிப் படிப்பது?

இந்தக் கதையை இரண்டு விதமாகத் தப்பாகப் படிக்கலாம். ஒன்று, "காதலுக்காக எல்லாவற்றையும் விட்ட தியாகி" என்று. அப்படிப் படித்தால் 1915க்கு முன்பே ஊரில் தங்காத ராஜாவையும், வரி கட்டிய மக்களையும் மறந்துவிடுகிறோம். இரண்டாவது, "வெள்ளைக்காரி வந்து ராஜாவைக் கெடுத்துவிட்டாள்" என்று. அப்படிப் படித்தால், இனத்தின் பேரால் ஒரு பெண்ணின் மரியாதையையும் ஒரு குழந்தையின் உரிமையையும் எடுத்துக்கொண்ட அரசாங்கம் தப்பித்துவிடுகிறது.

ராஜா பொறுப்பில்லாதவராகவும் இருந்திருக்கலாம், மனைவியை விட்டுக்கொடுக்காத நல்ல கணவராகவும் இருந்திருக்கலாம். இரண்டுமே உண்மைதான் என்று தோன்றுகிறது. நாவலின் கதாநாயகன் இரண்டாகவும் இருந்தால் வாசகருக்குக் குழப்பம். மனிதர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள்.

இன்று புதுக்கோட்டையிலிருந்து மெல்போர்னுக்குப் படிக்கவும் வேலைக்கும் எத்தனையோ பேர் போகிறார்கள். வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை 1973இல் முழுவதுமாக முடிவுக்கு வந்தது. அங்கே ஒருவரைப் பிடித்துப்போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டால் வைஸ்ராய் கோப்பு எழுத மாட்டார். ஆனால் ஊரில் இருக்கும் அப்பா, பெரியப்பா, மாமா, சாதிச் சங்கம்? அந்தக் கோப்புகள் இன்னும் மூடப்படவில்லை. ராணி என்று கூப்பிட மாட்டோம் என்றார்கள் அன்று. மருமகள் என்று கூப்பிட மாட்டோம் என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அடுத்த முறை வெளிநாட்டில் நடக்கும் காதல் நாவல் ஒன்றைக் கையில் எடுக்கும்போது, கடைசிப் பக்கத்தில் கல்யாணம் முடிந்ததும் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண் அவனுடைய ஊருக்கு வந்து இறங்கும் நாளில் அவளை யார் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? பிறக்கப் போகும் பிள்ளைக்கு அந்த ஊரில் என்ன இடம்? மோலிக்கும் சிட்னிக்கும் இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை.